ஜோடி டிஸ்க்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நானும் என் மனைவியும் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். படம் பிடிப்பது நான், எடிட்டிங் அவள். போன ஐப்பசியில், மலையிலிருந்து மழைமேகம் இறங்கி ஊரே பஞ்சுக்குள் பொதிந்ததுபோல் கிடந்த ஒரு காலையில், எங்கள் கம்ப்யூட்டரின் நான்கு டிஸ்க்குகளில் ஒன்று நின்றுபோனது.

"படமெல்லாம் போச்சா?" என்றாள் மனைவி.

போகவில்லை. நான்கு டிஸ்க்கையும் இரண்டு ஜோடியாக்கி, ஒவ்வொரு படத்தையும் துண்டாக்கி அந்த ஜோடிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு துண்டையும் ஜோடியின் இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றுபோல எழுதும்படி சாஃப்ட்வேரில் அமைத்திருந்தேன். பிரிப்பது வேகத்துக்கு, இரட்டிப்பது பாதுகாப்புக்கு. ராஜபாளையம் போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்து மாட்டினேன். செத்துப்போனதன் ஜோடி, தன்னிடம் இருந்ததையெல்லாம் புதியதற்கு எழுதிக் கொடுக்கத் தொடங்கியது. முடிவதற்குள் அதுவும் நின்றுவிட்டால் எல்லாம் போய்விடும். பழைய கல்யாணங்களுக்கு வேறு பிரதி இல்லை.

அப்போதுதான் வத்திராயிருப்பிலிருந்து ஒரு பெண் நனைந்தபடி வந்தாள். அவள் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்தோம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அவள் அப்பா, போன வாரம் தவறிவிட்டாராம்.

"வீட்டுல இருக்க பென் டிரைவ் ஓட மாட்டேங்குண்ணே. அவிய நடக்கிறதச் செத்த நேரம் பாத்துட்டுப் போறேன். போட்டோவுல சும்மா நிக்காவ."

நாளைக்கு வரச் சொல்வதுதான் சரி. மனைவி என்னைப் பார்த்தாள்.

"போடுங்க," என்றாள்.

பயத்தோடுதான் போட்டேன். புதியதற்கு எழுதிக்கொண்டே படமும் காட்ட வேண்டும், டிஸ்க்குக்கு இரண்டு வேலை. படம் தயங்கித் தயங்கி வந்தது. மண்டப வாசலில் அவர் வேட்டி நுனியைப் பிடித்தபடி திரும்ப நெடுநேரமானது. சிரிப்பு உதட்டிலிருந்து கண்ணுக்கு ஏறுவதைப் பார்க்க முடிந்தது. நாதஸ்வரம் விட்டு விட்டு, அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதுபோல் கேட்டது. வெளியே மழையா, உள்ளே மேளமா என்று பிரித்தறிய முடியவில்லை.

"மெஷின் மெதுவா ஓடுதும்மா," என்றேன்.

"ஓடட்டும்ணே. எங்க அப்பாவுக்கு எப்பவும் அவசரம்தான். இம்புட்டு நேரம் எம் முன்னால நின்னதே இல்ல."

கடைசிவரை பார்த்துவிட்டு, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

சாயங்காலம் டிஸ்க் எழுதி முடித்தது. நான்கு டிஸ்க்கும் சரியாக இருந்தன. மறுநாள் பிரதி எடுத்து அவள் வீட்டுக்கே கொண்டுபோனேன். அவள் அம்மா டிவிக்கு வெகு அருகில் வந்து உட்கார்ந்தார். படம் தங்கு தடையில்லாமல் ஓடியது. அப்பா வந்தார், திரும்பினார், கூட்டத்துக்குள் மறைந்தார்.

"ஏட்டி, இன்னொருக்கா போடு," என்றார் அம்மா.