கொடையில் என் மகன் கைக்கு வந்த டம்ளர்

நேற்று எங்கள் குலதெய்வக் கோயில் திருவிழா, மதியக் கொடை...

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற வழியில் கரிசல் காட்டுக்குள் இருக்கிறார் எங்கள் சுடலைமாடன்.

அவருக்குப் படைப்பில் கறி, முட்டை, சுருட்டோடு ஒரு பாட்டில் சாராயமும் உண்டு. (இப்போது பிராந்தி. சாமியும் காலத்துக்கேற்ப மாறிவிட்டார்.)

படைப்பு முடிந்ததும் குடும்பத்து ஆண்களுக்கு ஆளுக்கொரு மடக்கு கொடுப்பார்கள். மீசை அரும்புகிற பையன்களுக்கும் உண்டு. பிரசாதம் என்பதால் யாரும் அதைக் குடி என்று சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

இந்த வருஷம் என் மகனுக்குப் பதினான்கு வயது.

போன மாதம் நடந்ததைச் சொன்னால்தான் மீதி புரியும்.

என் கணவருக்குச் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் எடை போடுகிற வேலை. குடியை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் தராசில் பார்த்த எடை வாய்க்கு வருவதற்குள் மறந்துவிடுகிறது. சின்ன விஷயத்துக்கும் சுள்ளென்று கோபம். டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

எப்போது குடிக்க ஆரம்பித்தார் என்று டாக்டர் கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகுதான் என்று நான் முந்திக்கொண்டேன். (உப்பு வாங்கியது வரை நோட்டில் எழுதுகிறவளுக்கு இது தெரியாதா என்ற நினைப்பு.)

இவர் மெதுவாகச் சொன்னார்: "பதிமூணு வயசுல, கொடையில. அதுக்குப் பொறவு சேக்காளிகளோட, வாரா வாரம்."

இருபது வயது தாண்டியும் மூளை வளர்ந்துகொண்டுதான் இருக்குமாம். ஞாபகமும் நிதானமும் உருவாகிற அந்த நேரத்தில் மது அடிக்கடி உள்ளே போனால், குடியை விட்ட பிறகும் சிலருக்குப் பாதிப்பு தங்கிவிடுமாம். சின்ன வயதில் தொடங்கியவர்கள் பின்னால் அடிமையாகிற வாய்ப்பும் கூடுதலாம். இவருக்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லை என்று ஒதுக்கவும் முடியாது என்றார் டாக்டர்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். வீட்டுக்கு வந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். அங்கேயும் அதுதான் இருந்தது.

ஆனாலும் சாமி காரியம். தடுத்தால் குற்றமாகுமோ என்று பயம். தினமும் விளக்கேற்றும்போது சுடலைமாடனிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். 

நேற்று பெண்களெல்லாம் பொங்கல் அடுப்புப் பக்கம் நின்றோம். பாட்டிலை வைத்திருந்தவர் இவருடைய அண்ணன், என் பெரியத்தான்.

"ஏல மக்கா, இங்கன வா" என்று கூப்பிட்டு என் மகன் கையில் டம்ளரைக் கொடுத்தார்.

பையன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கரண்டியைப் பிடித்தபடி அடுப்புப் பக்கமே நின்றேன்.

இவர்தான் போய் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"சாமி பிரசாதத்தத் தடுக்கியால? ஒம் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளோ?" என்றார் பெரியத்தான். தானும் அதே வயதில் குடித்தவன்தான், தனக்கு என்ன குறைந்துவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

இவருக்குக் கோபம் வந்து கொடையே கலைந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. எனக்கு ஆயிட்டு. இவன் உங்கள மாதிரியா, என்ன மாதிரியான்னு குடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுக்கு எனக்குத் தைரியம் இல்ல."

 பெரியத்தான் டம்ளரை வாங்கிப் பீடத்தின் அடியில் ஊற்றிவிட்டு, பையன் கையில் ஒரு தேங்காய்ச் சில்லை வைத்தார்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் மகன் அப்பாவிடம் கேட்டான், "ஒங்களுக்கு மொதல்ல குடுத்த அன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொல்லலியாப்பா?"

"வேணுமான்னு யாரும் கேக்கலியே மக்கா."

இன்று காலையில் பெரியத்தானிடமிருந்து போன். குரலில் இன்னும் முறைப்புதான். அடுத்த கொடைக்குப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஏதாவது படைக்க வேண்டுமானால் அதை நானே செய்துகொள்ள வேண்டுமாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். பானக்காரம் (பானகம்தான்) என்று முடிவு.

நாற்பது பிள்ளைகளுக்கு எத்தனை கிலோ வெல்லம் பிடிக்கும்? செய்து பழகியவர்கள் சொல்லுங்களேன்.