முழு விலை கொடுக்காத ரோஷன் பீ

கதாநாயகி முதல் பக்கத்திலேயே கண்ணாடி முன்னால் நின்று தன் அழகைத் தானே ரசிக்க ஆரம்பித்தால், ரோஷன் பீ அந்த மின்நூலை அங்கேயே மூடிவிடுவார். "வெட்டிப் புள்ள. கண்ணாடி விக்கிற எனக்கே அதுக்கு நேரமில்ல" என்று போனைத் தட்டிவிட்டு அடுத்த நூலுக்குப் போவார். எந்தப் புத்தகத்துக்கும் முதல் சில பக்கங்களைச் சும்மா படிக்கக் கொடுக்கிறார்கள். குட்டு வெளிப்பட அது போதும் என்பது அவர் கட்சி.

காரிமங்கலம் பேருந்து நிலையத்தை ஒட்டி வளையல், பொட்டு, ஹேர்பின், கண்ணாடி விற்கும் ஃபேன்சி ஸ்டோர் அவருடையது. வளையல் பெட்டிகளுக்கு நடுவே சாய்த்து வைத்த போனில் மின்நூல் ஓடிக்கொண்டே இருக்கும். காதல் கதை, இல்லாவிட்டால் பேய், வேற்றுக்கிரகம். பேய்க்கே காதல் வந்துவிட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆனால் எதுவானாலும் தள்ளுபடியில் வரவேண்டும்.

தள்ளுபடி என்றதும் விழுந்துவிடுகிற ஆளும் அல்ல. பண்டிகை வந்தால் எண்பது ரூபாய் வளையல் பெட்டியில் நூற்றிருபது என்று எழுதி, அதைத் தானே சிவப்பு மையால் அடித்து, கீழே எண்பது போடுகிறவர். பாம்பின் கால் பாம்பறியாதா? "அடிச்ச வெலய நம்பாத. அடிக்கிறவ நான் சொல்றேன்" என்பார். அதனால் வாரக்கணக்கில் ஒரு நூலின் பழைய விலையைக் கண்காணித்த பிறகே கை வைப்பார். ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. "அஞ்சு ஸ்டாரு மாமன் மச்சான் போடுறது. ரெண்டு ஸ்டாரு போட்டவந்தான் முழுசாப் படிச்சு வயிறெரிஞ்சு எழுதுவான்." 'பேய் அதிகமாகப் பேசுகிறது' என்று எவரோ திட்டியிருந்ததைப் பார்த்துத்தான் போன மாதம் ஒன்றை வாங்கினார். பேசாத பேயால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நிர்மலா இதற்கு நேர் மாறு. பிடித்த தொடர் என்றால் வெளிவந்த அன்றே முழு விலை. "முழு வெல குடுத்தா மாப்பிள்ள சீக்கிரம் தாலி கட்டிடுவானா?" என்று ரோஷன் பீ அவளைச் சீண்டாத நாளில்லை. நிர்மலா சிரித்துக்கொள்வாள். திருப்பி அடிக்க அவளிடம் ஒரு ஆயுதம் இருந்தது. அது கதையின் முடிவு.

இருவரும் படிக்கிற தொடர் ஒன்றில், மழை வரவழைக்கத் தெரிந்த வேற்றுக்கிரகத்தான் ஒருவன் வறண்ட ஊரில் வந்திறங்கி, போர்வெல் லாரிக்காரர் மகளைக் காதலிக்கிறான். அவனை அழைத்துப்போக விண்கலம் வந்து நிற்பதோடு இரண்டாம் பாகம் முடிந்தது. மூன்றாம் பாகத்தின் விலையோ இறங்குகிற வழியாக இல்லை. "கடைசியில அவன் என்ன பண்றான் தெரியுங்களாக்கா?" என்று படித்து முடித்த நிர்மலா ரோட்டைத் தாண்டும்போதே, ரோஷன் பீ இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "சொன்னியின்னா ஜென்மத்துக்கும் உங்கூடப் பேசமாட்டேன்!" பேருந்துக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

காது பொத்தல் இன்றும் நடக்கிறது. ஆனால் சில நாட்களாக அது வெறும் நடிப்பு. போன சந்தையன்று ஒரு அம்மாள் ஒரு டஜன் வளையலுக்கு அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு, வாங்காமலே நடையைக் கட்டினாள். அந்த எரிச்சலில் "போனாப் போவுது" என்று மூன்றாம் பாகத்தை முழு விலைக்கு அமுக்கிவிட்டார் ரோஷன் பீ. ஷட்டரைப் பாதி இறக்கி, சோற்று டப்பாவைத் திறக்காமல், சாயங்காலம் வரை படித்தார். முடிவு வந்ததும் அழுதார். அவ்வளவு நல்ல முடிவு.

அதை யாரிடமும் சொல்ல முடியாததுதான் கொடுமை. படித்த இன்னொரு ஜீவன் எதிர்க்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறது. வாயைத் திறந்தால் இத்தனை நாள் கிண்டலும் வட்டியோடு திரும்பி வரும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாகத் தவித்தார்.

முந்தாநாள் நிர்மலா ஓடிவந்தாள். "அக்கா, மூணாவது பாகம் பாதி வெலைங்க்கா! இன்னிக்கு மட்டுந்தான்!"

"நெசமாவா!" என்று ரோஷன் பீ கன்னத்தில் கை வைத்தார்.

"எங் கண்ணு முன்னால வாங்குங்க. உங்க மூஞ்சியப் பாக்கணும் நானு."

தப்ப வழியில்லை. போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். வாங்காதவர்களுக்கு அந்த இடத்தில் 'வாங்க' என்று வரும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு 'படிக்க' என்றுதான் வரும். நிர்மலா எட்டிப் பார்ப்பதற்குள், ரோஷன் பீ அந்த எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்துவிட்டார்.

"வாங்கியாச்சு புள்ள."

"அதுக்குள்ளயா? விரல எடுங்க்கா, பாக்கலாம்."

விரல் அசையவில்லை.

"சரி, அதான் வாங்கியாச்சில்ல, இனிமே சொல்லலாமில்ல? அந்தக் கப்பலு வந்து நிக்குது, அவன்..."

"சொல்லாத!" என்று கத்திக்கொண்டே ரோஷன் பீ வழக்கம்போல் காதைப் பொத்தினார். ஆனால் இந்த முறை ஒரு காதைத்தான்.