குழாய்க்காரர் வாங்கிய ஏழு வண்ண லேப்டாப்

கடைசியாக ஒரு கடைக்காரரிடம் எப்போது பொய் சொன்னீர்கள்? இல்லையென்று தலையை ஆட்டாதீர்கள். ‘சும்மா பார்க்கத்தான் வந்தேன்’ என்றீர்களே, அதுவும் பொய்தான். விலையைக் கேட்பவன் இளைத்தவன், கேட்காமல் வாங்குபவன் சார் என்று எந்தச் சபையில் சட்டம் போட்டார்களோ தெரியாது. நாம் அதற்கு வாய்பொத்திக் கட்டுப்படுகிறோம். குழாய்க்காரரும் கட்டுப்பட்டார்.

அடுத்தவர் வீட்டுத் தொட்டிக்கடியில் மல்லாந்து படுத்துச் சம்பாதிப்பவர் அவர். மகள் மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்திருந்தாள். திங்கட்கிழமைத் தேர்வில் தேறாவிட்டால் அவள் இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். தேர்வு எழுத லேப்டாப்பை அவரவரே கொண்டுவர வேண்டும்.

“பாடம் கேக்கணும், டைப் பண்ணணும், ரெண்டு மணி நேரம் பரீட்சை எழுதணும். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்பா” என்று தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினாள்.

துணைக்கு மச்சினன் போனான். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் வாசலில் காவல் நிற்கிறவன். ஆகவே குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றால் அவன் பேச்சே கடைசிப் பேச்சு.

“என்ன வேலைக்கு சார்?” என்று கேட்டான் விற்பனைப் பையன்.

சார்! “ஏம்ப்பா குழாய்” என்றே கேட்டுப் பழகிய காது குளிர்ந்துவிட்டது. பொண்ணு படிக்க என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் சார் பறந்துவிடுமோ என்று நாக்கு இழுத்துக்கொண்டது.

“வீடியோ எடிட்டிங்” என்று முந்திக்கொண்டான் மச்சினன். “பெரிய பெரிய வேலையெல்லாம் வரும். என்ன அத்தான்?”

“ஆமாமா, வரும்” என்றார் அத்தான்.

விசைகளுக்கடியில் ஏழு வண்ண விளக்கு எரியும் லேப்டாப் ஒன்று மேல்தட்டிலிருந்து மேசைக்கு வந்தது. இந்தப் பணத்துக்கு இவ்வளவு பகட்டு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று இருவரும் கேட்கவில்லை. யாரோ ஓட்டித் தேய்த்ததை வாங்கித் துடைத்து மினுக்கி வைத்திருந்தார்கள், வேறொன்றுமில்லை.

வீட்டில் மகள் மாதிரித் தேர்வைத் திறந்துவைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். சிறிது நேரத்தில் வண்ணங்கள் மங்கின. திரை கறுத்தது.

“நான் பாதிகூட எழுதலப்பா.”

“பிளக்ல இருந்தா சிங்கம்மா இது!” என்றான் மச்சினன்.

“பரீட்சை ஹால்ல பிளக்கே கிடையாது மாமா.”

“அப்ப ஹால்தான் சரியில்ல.”

குழாய்க்காரர் மகளைப் பார்த்தார். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. ‘தெளிவாத்தானே சொன்னேன்’ என்று அவள் கண் கேட்டதுதான் அவரைக் குத்தியது.

மறுநாள் காலை தனியாகக் கடைக்குப் போனார்.

“நீங்க கேட்டதைத்தானே சார் குடுத்தோம்?” என்றான் பையன். “பிரிச்ச பெட்டியைத் திரும்ப எடுக்கிறதில்ல” என்றார் முதலாளி, தலை நிமிராமலேயே.

மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஓரத்து முக்காலியில் உட்கார்ந்தார். அப்போது ஓர் அம்மாள் உள்ளே வந்தார்.

“என்ன வேலைக்கு மேடம்?”

“ஆபீஸ்ல... டிசைன் மாதிரி...”

“அம்மா, நெசத்தைச் சொல்லிடுங்க” என்றார் குழாய்க்காரர், கடை முழுக்கக் கேட்கும்படி. “நான் குழாய் வேலை பாக்கிறவன். வீடியோ எடிட்டிங்னு பொய் சொல்லித்தான் இதைக் கட்டிக்கிட்டேன்.”

அந்த அம்மாள் ஒரு கணம் திகைத்துச் சிரித்துவிட்டார். “தையல் கடைங்க. பில்லு போடணும், அவ்ளோதான்.” பையனின் கை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கியது.

அடுத்து வந்தவர் ஆராய்ச்சி என்று ஆரம்பித்து, முக்காலியைப் பார்த்ததும் வாடகை ரசீது அடிக்கத்தான் என்று முடித்தார். கை மறுபடி கீழே போனது. மூன்றாமவர் வாசல் ஏறும்போதே முதலாளி எழுந்து வந்துவிட்டார்.

“அண்ணே, புண்ணியமாப் போகட்டும், எந்திரிங்க. எது வேணுமோ மாத்திக்கோங்க.”

சார் போய் அண்ணன் வந்துவிட்டது. குழாய்க்காரருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. “பொண்ணு படிக்கணும். பிளக் இல்லாம ரெண்டு மணி நேரம் தாங்கணும். அதுக்கு எது போதும்?” என்றார். கீழ்த்தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் சின்னதாக, புதிதாக ஒன்று வந்தது. பிளக் இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்துத்தான் வாங்கினார்.

“என்ன அத்தான், பட்டனைத் தட்டினா இவ்ளோ நேரம் யோசிக்குது?” என்று வீட்டில் உதட்டைப் பிதுக்கினான் மச்சினன்.

“மெதுவா எந்திரிச்சாலும் வேலையைப் பாக்குதுல்ல?” என்றாள் அவன் அக்கா. “நீ எந்திரிச்சு என்னத்தைக் கிழிக்கிற?”

மகள் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மாதிரித் தேர்வைக் கடைசிக் கேள்விவரை எழுதி முடித்தாள். அப்புறமும் சார்ஜ் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு போனாள், தேறினாள்.

விளக்கு எரியும் விசைகள் இன்னமும் மேல்தட்டில் மினுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை ஏற்றி வைத்தது கடைக்காரரின் பேராசை மட்டுமல்ல, நம் கூச்சமும்தான். ஆகவே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது உங்கள் தொழிலையும் தேவையையும் கையிலுள்ள தொகையையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். உரக்கச் சொல்லுங்கள், பின்னால் கூசிக்கொண்டு நிற்பவருக்கும் கேட்கட்டும்.