ஜெர்மன் சிப்பாயாக நடித்த அண்ணன்

ஹிட்லரை எதிர்த்துப் பேசியதற்காகக் கொல்லப்பட்ட ஜெர்மன் சிப்பாய்களின் படத்தைச் செய்தித்தாளில் பார்த்ததும், எங்கள் மலையூரான வாழவந்தி நாட்டில் பள்ளி ஆண்டுவிழா மேடை கண்முன் வந்தது.

வாத்தியார் அந்தக் கதையைத்தான் நாடகமாக்கியிருந்தார். "இந்தச் சண்டை அநியாயம்" என்று சொல்லும் சிப்பாய் என் அண்ணன். அவன் கையைக் கட்டிவிட்டு, பச்சை வாசம் போகாத மரவள்ளிக் குச்சிகளைத் துப்பாக்கியாக நீட்டினோம்.

கூட்டத்தில் அம்மா எழுந்தாள். "ஏனுங்க வாத்தியாரே, உள்ளதச் சொன்னதுக்கா சுடுவீங்க? அவுத்துவுடுங்க!"

"சரித்திரத்துல சுட்டுட்டாங்கம்மா."

"அங்க சுட்டாங்க. எங்கூர்ல உடமாட்டோமுங்க!"

ஊரே எழுந்து கைதட்டியது. வாத்தியார் சிரித்துக்கொண்டே கட்டை அவிழ்த்தார். அண்ணன் அம்மாவிடம் குதித்தோடினான். குச்சிகளை வீசிவிட்டு நாங்களும் ஓடினோம்.

இன்று அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"யாருமே எந்திரிச்சுக் கேக்கலியா கண்ணு?"