பைய சொல்லுங்க, சார்

பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எனக்குத் தண்ணி காட்டியது. சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த சார் மளமளவென்று போர்டில் போட்டுக்கொண்டே போவார். ஒருநாள் எழுந்து, "சார், பைய சொல்லுங்க" என்றேன். முறைத்தார். அதன்பிறகு நான் என்ன சந்தேகம் கேட்டாலும் காதிலேயே வாங்கமாட்டார்.

அரையாண்டுத் தேர்வில் ஃபெயிலானேன். அம்மா சேரன்மகாதேவியிலிருந்து பள்ளிக்கு வந்தாள்.

"வாத்தியாரையே 'பையா'ன்னு கூப்பிடுற பொண்ணுக்கு நான் என்னத்தைச் சொல்லித் தர்றது?" என்றார் சார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ சார், 'பைய'ன்னா மெதுவான்னு அர்த்தம். இங்கன நாங்க எல்லாரும் அப்படித்தான் பேசுதோம்" என்றாள் அம்மா.



"புரியலைன்னா கூச்சப்படாம கேளுங்க" என்று முதல் நாள் எங்களிடம் சொன்னவர் அவர்தான். தனக்குப் புரியாத அந்த ஒரு சொல்லை அவர் யாரிடமும் கேட்கவே இல்லை.