வலையில் சிக்கிய பல்

“…கடிக்கல, கடிக்கலன்னு சொல்லிக்கிட்டே கடிக்கிறீங்களே அண்ணே!” என்றார் என் பல் டாக்டரம்மா. காசிமேட்டுத் துறைமுகத்தில், குவித்துப் போட்ட வலைமேல் எனக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொன்னார். அப்போது என் வாயில் நூல் இருந்தது. அதை யார் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஒரு பல் டாக்டர் வலைக்குவியலில் வந்து உட்காரும்படி ஆன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வலை கட்டுகிறவன். கடலுக்குப் போவதில்லை, போய்விட்டுக் கிழிந்து வரும் வலையை ஒட்டுப்போட்டுக் கொடுப்பது என் வேலை. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் போட்டுகளெல்லாம் கரையில் நின்று ஓய்வெடுக்கும், எங்களுக்கு மட்டும் தலைக்குமேல் வேலை. அப்படி ஒரு தடைக்காலம் தொடங்கிய நேரத்தில், மேல்வரிசையில் வலதுபக்கப் பல் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. கோரைப்பல்லுக்கு அடுத்த பல். அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் வரிசையாக விடைபெற்றுப் போய்விட்டதால், அந்தப் பக்கம் சோறு மெல்ல மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். டீ பட்டால் மண்டை வரைக்கும் ஏறியது. கன்னம் வீங்கியது. என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, “இன்னாய்யா, ஒரு பக்கம் மட்டும் பணக்காரனாயிட்டே?” என்றாள். வலியிலும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வலி கூடியது.

டோல்கேட் பக்கத்தில் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் அந்தக் கிளினிக். கடை டாக்டரம்மாவின் அப்பாவுடையது, தெற்கேயிருந்து வந்தவர். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதுமே, பருப்பு அளந்த கையோடு, “மேல போங்க அண்ணாச்சி, பாப்பா இருக்கா” என்றார். ‘பாப்பா’ முகக்கவசமும் கையுறையுமாக நின்றுகொண்டிருந்தார்.

“புடுங்கிப் போட்டுடுங்கம்மா, பேஜாரு பண்ணுது” என்றேன்.

“பிடுங்கிட்டு அந்தப் பக்கம் எதை வச்சுச் சாப்பிடுவீங்க? வேரு நல்லா இருக்கு அண்ணே. காப்பாத்திப் பார்க்கலாம்.”

பேனா போன்ற ஒரு கேமராவை வாய்க்குள் விட்டார். எதிரே திரையில் என் பல் வந்து நின்றது. ஒரு பாறை அளவுக்கு. அதன் விளிம்பில் ஒரு பள்ளம். யாரோ அரத்தை வைத்து ராவியதுபோல வழவழவென்று ஒரு வாய்க்கால். டாக்டரம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க டெய்லரா?”

“இல்லம்மா. வல கட்டுறேன்.”

“அதான். நூலைப் பல்லால அறுக்குறீங்க. பல வருஷமா அதே எடத்துல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கைரேகை பார்க்கிறவனிடம் பத்துக் கேள்வி கேட்டாலும் ஒன்று தேறாது. இந்தப் பெண் ஒரே ஒரு பல்லைப் பார்த்து என் பிழைப்பைச் சொல்லிவிட்டாள். துறைமுகக் கல்லில் படகுக் கயிறு உரசி உரசி விழுந்த தடத்தைத் தினமும் பார்க்கிறவன் நான். அதே தடம் என் வாய்க்குள்ளேயும் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. கல்லைத் தேய்த்தது கயிறு. பல்லைத் தேய்த்தது, ஊதினால் பறக்கிற ஒரு நைலான் நூல்!

ரூட் கேனல் என்றதும் பயந்துகொண்டுதான் போனேன். மரத்துப்போக ஊசி போட்டபின், வாய்க்குள் யாரோ பக்கத்து வீட்டில் வேலை செய்கிற மாதிரிதான் இருந்தது. நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து, அடைத்தார்கள். அதோடு விட்டது என்று எழுந்தேன். டாக்டரம்மா உட்காரவைத்தார்.

“நரம்பு எடுத்த பல்லு காய்ஞ்ச கட்டை மாதிரி. மேல கேப் போடலேன்னா ஒருநாள் ரெண்டா பொளந்துடும். வேரோட பொளந்துட்டா அப்புறம் பிடுங்குறதைத் தவிர வேற வழி கிடையாது.”

வீட்டில் சொன்னேன். “தலைக்கே தொப்பி இல்லாத ஆளு நீ. பல்லுக்குத் தொப்பியா?” என்றாள் வீட்டுக்காரி. ஆனாலும் அடுத்த தடவை கூடவே வந்தாள்.

வந்தது நல்லதாகப் போயிற்று, அவள் இல்லாவிட்டால் நான் சொல்வதை யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். பல்லைச் சுற்றிலும் செதுக்கி ஒரு சின்ன முளையாக ஆக்கினார் டாக்டரம்மா. பிறகு கேமராவை வாய்க்குள் ஓட்ட ஓட்ட, திரையில் என் வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எழுந்தது. ஈறு, மேடு, பள்ளம் எல்லாம். அதைக் கையால் தொடாமல் திருப்பிக் காட்டினார். என் பற்களை நான் முதுகுப்புறமிருந்து பார்த்தேன். உலகத்தில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? அடுத்து விசிறி மாதிரி ஒரு பல் வரிசையை விரித்து, ஒவ்வொன்றாக என் பல்லோடு வைத்து நிறம் பார்த்தார். வெற்றிலை, டீ, உப்புக்காற்று எல்லாம் சேர்ந்து அடித்த நிறம் என்னுடையது. அதற்கும் அந்த விசிறியில் ஒரு பல் இருந்தது. “புடவைக்கு ஜாக்கெட் எடுக்கிற மாதிரியே கீதே!” என்றாள் என் வீட்டுக்காரி, வாயைப் பொத்திக்கொண்டு.

கேப் வந்தது. பட்டாணிக்குக் கொஞ்சம் பெரிசு. மாட்டிவிட்டு, இடையில் ஒரு நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

“எப்படி இருக்கு?”

“இன்னாவோ ஒண்ணு தூக்கிகினு கீதும்மா. நெல்லு உமி மாட்டிகின மாதிரி.”

நீலம் பட்ட இடத்தில் ஒரு தடவை உரசினார். ஒரே ஒரு தடவை. மறுபடி கடித்தேன். உமி போய்விட்டது. அவர் எடுத்தது தலைமயிர்ப் பருமன்கூட இருக்காது. அது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியாது, என் வாய்க்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை காலம் இப்படி ஒரு தராசை வாயில் வைத்துக்கொண்டா கருவாட்டை மென்றுகொண்டிருந்தேன்? நாக்கு போய்த் தடவியது. பழைய பள்ளத்தைத் தேடியது. கிடைக்கவில்லை, வழவழப்பாக, அந்நியமாக, ஆனால் என்னுடையதாக ஒன்று இருந்தது. இதை எழுதும்போதும் நாக்கு ஒருமுறை அங்கே போய்விட்டுத்தான் வந்தது.

கடைசியாக ஒரு சின்ன டப்பாவிலிருந்து மெல்லிய நூலை இழுத்து, டப்பாவின் வாயிலிருந்த தகட்டில் சுண்டி அறுத்து, பல்லிடுக்கைச் சுத்தம் செய்தார். நூல்காரன் அல்லவா, அந்தத் தகட்டை நான் கவனித்தேன்.

“இப்போதைக்கு லேசான சிமெண்ட்லதான் ஒட்டியிருக்கேன். ஒரு வாரம் பார்ப்போம். நூலைக் கடிக்கவே கூடாது அண்ணே.”

“கடிக்கமாட்டேம்மா. எம் பொண்டாட்டி மேல சத்தியம்.”

“எம் மேல ஏன்யா?” என்றாள் அவள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் வேலைக்கு நடுவே வலையை விட்டு டீ குடிக்க எழுந்தேன். சூடு வேறுமாதிரி பட்டது. நாக்கு போனது. முளைதான் இருந்தது. கேப்பைக் காணோம்! விழுங்கியிருந்தால் தொண்டைக்குத் தெரிந்திருக்கும். அப்படியானால் அது வலையில்தான் இருக்கவேண்டும். நான் வேலை செய்துகொண்டிருந்த வலை ஒரு மேடு மாதிரி கிடந்தது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். கண்ணி கண்ணியாக, கைமாற்றிக் கைமாற்றித் தேடினோம்.

“இன்னா மாமு, மீனுக்குப் பல்லு கட்டி அனுப்பறியா?”

“சும்மா இருடா. சுறா வந்து ‘இது யாரு பல்லு’ன்னு கேட்டா இன்னா சொல்லுவே?”

கடைசியில் ஒருவர் கையைத் தூக்கினார். கேப் தரையில் விழுந்திருக்கவில்லை. கண்ணியில் மாட்டியிருந்தது, அதைச் சுற்றி முடிச்சு விழுந்திருந்தது. பாசிமணி கோத்ததுபோல. என் கை முடிச்சு. நானே என் பல்லை வலையில் வைத்துக் கட்டிவிட்டு, ஒட்டு சரியாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்திருக்கிறேன்! சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த முடிச்சை ஆளுக்கொரு தடவை தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் மெதுவாக, “நைனா, உனுக்கு இன்னாவோ ஆயிட்ச்சு” என்றார்.

முடிச்சை அறுக்காமல் அந்த வலைத்துண்டோடு வெட்டி எடுத்துக்கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் விளக்கை வைத்து அந்த முளையை வெகுநேரம் பார்த்தார்.

“கடிச்சீங்களா?”

“இல்லம்மா.” நான் பொய் சொல்லவில்லை. கடித்த ஞாபகம் ஒரு துளிகூட எனக்கில்லை.

“அண்ணே, இது லேசான சிமெண்ட். அதனால கேப் கழண்டு வந்துச்சு. கெட்டியா ஒட்டிட்டா கேப் வராது. அதே மாதிரி இழுத்தீங்கன்னா வேரு பொளந்துடும். எப்படிக் கழண்டுச்சுன்னு தெரியாம நான் ஒட்டமாட்டேன்.” வலைத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாளைக்குக் காலைல நீங்க வேலை செய்யுற எடத்துக்கு வர்றேன்.”

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். வந்துவிட்டார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மீன் தண்ணீரைத் தாண்டித் தாண்டி. உட்கார நாற்காலி தேடினேன். வேண்டாமென்று வலைமேலேயே உட்கார்ந்தார்.

“எப்பவும் செய்யுற மாதிரி செய்யுங்க. எனக்காக மெதுவா செய்யாதீங்க.”

கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துக்கொண்டேன். இடதுகையில் கண்ணி, வலதுகையில் வலை ஊசி. கட்டிக்கொண்டே பேசினேன். “பாருங்கம்மா, நான் கடிக்கிறதே இல்ல. மின்னாடி கடிச்சிகினு இருந்தேன், ஒத்துக்கறேன். இப்போ நூலு எம் பல்லு பக்கமே…” அதற்குமேல் வார்த்தை சரியாக வரவில்லை. வாயில் ஏதோ தடுத்தது.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார், முதலில் நான் எழுதியதை. சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் நூலைத் துப்பவும் மறந்து உட்கார்ந்திருந்தேன். என் வாய்க்கு நான் சொன்னது தெரியவே தெரியாது. அது தன்பாட்டில் வேலைக்கு வந்து, வேலை பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “ஊசியைக் குடுங்க” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் போலவே கட்டைவிரலில் வலையை மாட்டினார். இடதுகையில் கண்ணியைப் பிடித்தார். முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவது நின்றது. இறுக்கிவிட்டார். நூல் மிச்சம் தொங்கியது. ஒரு கையை விட்டால் முடிச்சு போய்விடும், இன்னொரு கையை விட்டால் ஊசி போய்விடும். அவர் ஒரு நொடி இரண்டு கையையும் பார்த்தார். பிறகு தலை தானாகக் குனிந்தது. டக்கென்று நூலைக் கடித்து அறுத்தார்.

“டாக்டரம்மாவும் நம்ம கட்சிதான்டா!” என்று ஒருவர் கத்தினார்.

அவர் உதட்டில் ஒரு துணுக்கு நூல் ஒட்டியிருந்தது. அதை விரலால் எடுத்து, ஏதோ இதுவரை பார்க்காததைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, அன்றைக்குப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்த அந்தச் சின்ன நூல் டப்பாவை எடுத்தார். உள்ளேயிருந்த நூலை உருவிப் பைக்குள் போட்டார். காலி டப்பாவை, தகடு மேலே பார்க்க, என் சட்டையின் மேல்பொத்தானில், மோவாய்க்கு நேர் கீழே வைத்து, என் நூலாலேயே, இப்போதுதான் கற்றுக்கொண்ட அந்த முடிச்சைப் போட்டுக் கட்டினார். நூல் மிச்சம் தொங்கியது. அதை வாய்க்குக் கொண்டுபோகப் போனவர் பாதியில் நிறுத்தி, தகட்டின்மேல் வைத்து, ஒரு சுண்டு சுண்டி அறுத்தார்.