சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டுபோன கூறைப் பட்டு

விடியற்காலை நாலு மணிக்கு, கோலா கெத்திலுக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து மாட்டுவண்டியில் புறப்பட்டேன். சுங்கைப் பட்டாணி ரயில் நிலையம் பதினைந்து மைல். வண்டிக்கார மணியண்ணன் வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டில் பத்து வெள்ளி வாங்கிக்கொண்டார். ஜப்பான்காரன் வந்து இரண்டாம் ஆவணி அது. மழை விட்டு விட்டுப் பெய்தது.

முந்தின நாள்தான் என் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். பதினோரு மணிக்கு ரயில். அவருக்கு இழுப்பு உண்டு; கழுத்தில் ஈரக்காற்று பட்டால் மூச்சு விசிலடிக்கும். சயாம் மலையில் மழையிலேயே படுக்க வேண்டும், குளிர் எலும்பைக் குடையும் என்று தப்பி வந்த ஒருவன் சொன்னான். கழுத்துக்குச் சுற்றக் கொடுக்க வீட்டில் துணி ஏது? நூல் துணியெல்லாம் நைந்துபோய்ச் சாக்கைத் தைத்து உடுத்திக்கொண்டிருந்தோம். வேலைக்குக் கட்டாததால் மிஞ்சியது என் கல்யாணக் கூறைப் பட்டு ஒன்றுதான். அதை மடியில் வைத்திருந்தேன்.

ஆறு மணிக்கு என் சாக்குச் சட்டை தொப்பலாகிவிட்டது. பல் கிடுகிடுத்தது.

"அந்தப் பட்ட எடுத்துக் கழுத்துல சுத்திக்கம்மா," என்றார் மணியண்ணன்.

முந்தானையை மட்டும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். வெங்காயச் சருகு கனம்தான். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. இது அவரைக் காப்பாற்றிவிடும் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

எட்டரை மணி, சிடாம் கிரி சோதனைச் சாவடி. இறங்கி, காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கினோம். அவன் பட்டைத் துப்பாக்கி முனையால் கிளறிப் பார்த்துவிட்டு விட்டான்.

"முழுப் பொடவைய ரயிலுக்குள்ள விடமாட்டான்லா," என்றார் மணியண்ணன், வண்டி நகர்ந்ததும். "ஒரு துண்டு வெட்டிக்க. எங்கிட்ட கத்தி இருக்கு."

"புருஷன் உசுரோட இருக்கறப்ப கூறைய வெட்டுவாங்களாண்ணே? பேசாம வண்டிய ஓட்டுங்க."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பத்தே முக்காலுக்கு நிலையம் சேர்ந்தோம். என் கணவர் சரக்குப் பெட்டியின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்ப் பட்டை நீட்டினேன். சிப்பாய் பிடுங்கி என் காலடியில் எறிந்தான். மற்ற ஆண்களின் கழுத்தில் கிடந்த துண்டுகளை அவன் தொடவில்லை.

"ஒரு துண்டு கிழிச்சுக் குடு, போதும்," என்றார் அவர்.

கை வரவில்லை. தாலி கட்டியபோது உடுத்திய சேலை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பிறகு கரையைப் பல்லால் கடித்து இழுத்தேன். ஜரிகை விடவில்லை. ரயில் நகர்ந்துவிட்டது. வெறுங்கழுத்தோடு போனார்.

மாலை ஆறரைக்கு லயம் திரும்பினேன். அடுத்த ரயிலுக்கு எங்கள் லயத்தில் ஆறு பேரின் பெயரை எழுதிப் போயிருந்தார்கள். அரிவாள்மணையை எடுத்துப்போட்டுக் கூறையை ஆறு கழுத்துத் துண்டாக அறுத்தேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியக்கா வாசலில் நின்று பார்த்தார். "கூறையவா வெட்டுற? அவரு நல்லாருக்க வேணாமா?"

"நாளைக்கு உங்க வீட்டுக்காரரும்தான் போறாரு. வாங்கிக்குங்கக்கா," என்றேன். வாங்கிக்கொண்டார்.

என் கணவர் திரும்பவேயில்லை. கூறையை வெட்டியதால்தான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். வெட்டாததால்தான் என்பது எனக்குத் தெரியும்.